உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

பொருள்களைச் சேமித்து வைக்கும் கலையை நமக்குப் பிறர் வந்து கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. நெல்லுக்குக் குதிர், ஊறுகாய்க்கு ஜாடி, நகைக்குப் பெட்டி, பெரிய பாத்திரங்களுக்குப் பரண் என்று நம் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. தினந்தோறும் கைபடுகிற அஞ்சறைப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைக்கிற குடும்பத் தலைவியை நாம் கண்டதில்லை. தீபாவளிக்கு ஒரு முறை வேண்டியிருக்கும் பெரிய வாணலியை அடுப்பங்கரையில் போட்டுவிட்டுத் தினம் காலில் இடித்துக் கொள்கிறவர்களையும் கண்டதில்லை. இவ்வளவு விவேகம் படைத்த நமக்கு, மடிக்கணினி என்னும் லாப்டாப் நிரம்பி வழிகிறபோது மட்டும் புத்தி ஏன் தடுமாறுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

நம் வீட்டு லாப்டாப்பின் ஜாதகத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜனனம் 2019-ம் வருஷம். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். அதன் கொள்ளளவு 1 டெராபைட். கடைக்காரருடைய டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் என்னும் கணக்கப்பிள்ளையோ ஆயிரத்துக்குப் பதிலாக 1,024 என்ற படியினால் அளப்பவர். ஆகையால் கடையில் 1,000 கிகாபைட்டாக இருந்தது வீட்டுக்கு வந்ததும் 931 ஆகிவிடும். கடைப்படி வேறு, வீட்டுப்படி வேறு. இதில் மோசடி ஒன்றும் கிடையாது. அந்த 931-ல் இப்போது மிச்சமிருந்தது 18 கிகாபைட். விண்டோஸ் அதற்கு நேரே சிவப்புக் கோடு தீட்டிக் காட்டிற்று. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காப்பி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், அப்போதுதான் அது கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்திருக்கும்.

வீட்டில் மந்திராலோசனை கூடியது. சேமிப்புக் கிடங்கைப் பெட்டிக்கு உள்ளேயே பெரிதாக்குவதா, அல்லது யு.எஸ்.பி. கம்பியால் வெளியே ஒரு கிடங்கைத் தொங்க விடுவதா என்பது கேள்வி.

"இரண்டும் வேண்டாம், அப்பா! புது லாப்டாப் வாங்கிவிடலாம்" என்றான் கல்லூரியில் படிக்கும் புதல்வன். பிறருடைய பணத்தைச் செலவழிப்பதில் இளைஞர்களுக்கு இருக்கும் தாராள மனப்பான்மை போற்றத்தக்கது.

"வேண்டாத குப்பையை அழித்துத் தள்ளினால் இடம் தானே வருகிறது" என்றார் நம் இல்லத்தரசியார். இது எந்தப் பொருளைப் பற்றியும் அவர் எப்போதும் கூறி வரும் அபிப்பிராயம்.

"ஆகாயத்தில் மேகக் கிடங்கு என்று ஒன்று இருக்கும்போது உள்ளே என்ன, வெளியே என்ன?" என்றார் மைத்துனர்.

இச்சமயத்தில் கும்பகோணத்திலிருந்து நம் தங்கை டெலிபோனில் பேசினாள். சங்கதியைக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அதெல்லாம் இருக்கட்டும், அண்ணா! அம்மாவின் குரல் அதில் எங்கே இருக்கிறது?"

மந்திராலோசனை சட்டென்று அடங்கிவிட்டது.

நம் தாயார் 2021-ம் வருஷத்தில் காலமானார். அதற்கு முந்திய மூன்று வருஷங்களில் அவர் பாடிய நலங்குப் பாட்டு, தாலாட்டு, கொழுந்துப் பருப்பு எவ்வளவு போட்டால் துவையல் எப்படி இருக்கும் என்ற உபதேசம், பேரக் குழந்தைகளை அதட்டின அதட்டல் எல்லாவற்றையும் கைப்பேசியில் அவ்வப்போது பதிவு செய்திருந்தோம். மொத்தம் 11 மணி நேரம். கைப்பேசியில் ஒரு பிரதி, லாப்டாப்பில் ஒரு பிரதி. இரண்டுக்கும் வயதாகி விட்டது. தங்கையின் கேள்வியிலிருந்த கவலை நியாயமானது.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்னால் கிடங்கில் என்னதான் நிரம்பியிருக்கிறது என்று ஜாப்தா எடுத்தோம். பலசரக்குக் கடைக்குப் போகுமுன் டப்பாக்களைத் திறந்து பார்ப்பது நல்ல வழக்கந்தானே? அந்தக் கணக்கு நம்மைத் திகைக்கச் செய்தது.

சாதாரணத் தரத்தில், அதாவது விநாடிக்கு 128 கிலோபிட் வீதத்தில், எம்.பி.3 முறையில் பதிந்த ஒலி நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட் இடம் பிடிக்கும். அம்மாவின் 11 மணி நேரமும் சேர்ந்து சுமார் 630 மெகாபைட்; 700 மெகாபைட் கொள்ளும் ஒரு பழைய சி.டி. தட்டில் மிச்சம் மீதியோடு அடங்கிவிடும். மறுபுறத்தில், தற்காலக் கைப்பேசிகள் 4கே என்ற உயர்ந்த தரத்தில் எடுக்கும் சலனப்படம், பதிவு முறையைப் பொறுத்து ஒரே நிமிஷத்தில் 170 முதல் 350 மெகாபைட் வரை விழுங்கக் கூடியது. ஒரு கலியாணத்தில் பந்திக்கு இலை போட்டதைப் பையன் நாலு நிமிஷம் எடுத்த படம், அம்மாவின் மூன்று வருஷத்துக் குரலைவிட அதிக இடத்தை அடைத்துக் கொண்டிருந்தது!

இங்கேதான் நமக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. வீட்டை அடைத்துக் கொண்டிருப்பவை வேறு. வீட்டில் விலை மதிக்க முடியாதவை வேறு. கட்டில் பெரிது, திருமாங்கல்யம் சிறிது. இடம் போதவில்லை என்பது ஒரு கேள்வி. இருப்பது பத்திரமாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் விடை கிடைக்காது.

நிற்க. உள்ளே வைப்பதன் குணதோஷங்களை முதலில் பார்ப்போம்.

ஹார்ட் டிஸ்க் என்பது கிராமபோன் பெட்டியின் தூரத்து உறவு. தட்டுச் சுழலும், அதன் மேல் ஒரு சிறு முனை தாவித் தாவி எழுத்துக்களைத் தேடிப் படிக்கும். ஐ.பி.எம். கம்பெனியார் 1956-ம் வருஷத்தில் இவ்வினத்தின் மூதாதையை வெளியிட்டார்கள். ராமாக் என்று பெயர். 24 அங்குல அகலமுள்ள தட்டுக்கள் 50 அதில் சுழன்றன. அவ்வளவு பெரிய யந்திரம் கொண்டது 50 லட்சம் எழுத்துக்கள்தான். நம் தாயாரின் தாலாட்டில் நாலு நிமிஷத்துக்கு மேல் அதில் இடம் பெற்றிருக்காது.

நம் லாப்டாப்பிலுள்ள தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 சுற்று. கேட்பதற்கு வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினியை எழுப்பும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முனை நகர வேண்டும். வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். நாம் காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற வரையில் அது செய்துகொண்டிருந்த காரியம் இதுதான்.

எஸ்.எஸ்.டி. என்று சொல்லும் புதிய கிடங்கில் சுழலும் தட்டே கிடையாது. எல்லாம் சில்லுகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா என்ற நிபுணர் 1980-களில் கண்டுபிடித்த ஃப்ளாஷ் நினைவகமே இதற்கு ஆதாரம். தேடி அலைய வேண்டியதில்லை. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும். சுழலும் தட்டு விநாடிக்கு 100 மெகாபைட் அளவில் தருகிற இடத்தில், சாட்டா என்ற பழைய இணைப்பிலுள்ள எஸ்.எஸ்.டி. 550 வரை தரும். என்.வி.எம்.இ. என்ற புதிய இணைப்பில் 3,500-ம் அதற்கு மேலும் தருகிற ரகங்கள் உண்டு.

ஆகவே, பழைய லாப்டாப் சோம்பிக் கிடப்பதுதான் உங்கள் குறையென்றால், மருந்து உள்ளே போக வேண்டியதுதான். வெளியே எத்தனை பெரிய கிடங்கைத் தொங்க விட்டாலும், விண்டோஸ் உள்ளேயுள்ள பழைய தட்டிலிருந்து எழுந்து வருகிற வரையில் அதன் சோம்பல் தீராது. கொல்லையில் கொட்டகை போட்டால் சமையல் சீக்கிரம் ஆகிவிடுமா?

ஆனால் எல்லாப் பெட்டிகளும் உள்ளே இடம் கொடுப்பதில்லை. உதாரணமாக, ஆப்பிள் கம்பெனியார் 2018 முதல் வெளியிட்ட மாக்புக் ஏர் லாப்டாப்களில் சேமிப்புச் சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைத்து விட்டார்கள். அத்தகைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் வீண். வெளிக் கிடங்கு ஒன்றுதான் கதி. மற்றவர்களும் பெட்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும். எம்.2 என்ற பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்கு இடமிருக்கிறதா, அந்த இடம் சாட்டாவை ஏற்குமா, என்.வி.எம்.இ.யை ஏற்குமா, எவ்வளவு நீளம் கொள்ளும் என்று மூன்று கேள்விகள் உண்டு. 2280 என்று பட்டையின் மேல் போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். இது தெரியாமல் வாங்குவது, விரலை அளக்காமல் மோதிரம் செய்யச் சொல்வது போலாகும்.

பெட்டி அந்த முதலீட்டுக்குத் தகுதியுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தினார்கள். விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய பெட்டிக்குப் புதிய எஸ்.எஸ்.டி. போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நலம். நம்முடைய பெட்டியின் மூளை இன்டெல் கம்பெனியின் எட்டாந் தலைமுறை. ஆகையால் தப்பிப் பிழைத்தது. புதல்வன் முகம் சற்றே வாடியது.

இனி வெளிக் கிடங்கின் பெருமையைக் கேளுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், திருப்புளி வேண்டாம், செருகினால் போதும். சுழலும் தட்டுள்ள வெளி டிஸ்க்கில், அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யைவிட மலிவாக இடம் கிடைக்கிறது. லாப்டாப்புக்கு ஆயுள் முடிந்தாலும் அதிலுள்ள சரக்கு வேறொரு பெட்டியில் செருகத் தயாராக இருக்கும். கலியாணப் படங்கள் போன்ற தடித்த சாமான்களுக்கு அது சரியான பரண்.

ஆனால் பரணில் ஏற்றிய சாமான் விழவும் கூடும். நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் லாப்டாப்பில் இடம் பண்ணுவதற்காகப் பத்து வருஷத்துப் புகைப்படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினார். மாற்றியதும் லாப்டாப்பில் இருந்தவற்றை அழித்துவிட்டார். ஒரு நாள் அவருடைய குழந்தை மேஜையடியில் தவழ்ந்து போய்க் கம்பியைப் பிடித்து இழுத்தது. டிஸ்க் சுழன்று கொண்டிருக்கும்போதே தரையில் விழுந்தது. அப்புறம் அதிலிருந்து 'டிக், டிக்' என்ற சப்தம்தான் வந்தது. படம் ஒன்றும் வரவில்லை. படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தைவிடப் பல மடங்கு சிறியது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் இந்த வீழ்ச்சியைப் பெரும்பாலும் தாங்கியிருக்கும். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. மின்சாரமே காட்டாமல் வருஷக் கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் உள்ளேயுள்ள மின்னூட்டம் மெள்ள மெள்ளக் கசியும். தவிர, சுழலும் தட்டு பல சமயம் முனகி, இரைந்து, எச்சரித்துவிட்டுப் போகிறது; எஸ்.எஸ்.டி.யோ சில சமயம் சொல்லாமல் கொள்ளாமலே போய்விடும்.

மைத்துனருடைய மேகக் கிடங்கையும் நாம் தள்ளிவிடவில்லை. வீட்டில் திருடு போனாலும், வெள்ளம் வந்தாலும், மேகத்திலுள்ள பிரதி பிழைத்திருக்கும். ஆனால் அது வாடகை வீடு. கூகுள் கம்பெனியார் வெகு காலம் குறைந்த தரப் புகைப்படங்களைக் கணக்கில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டிருந்து, 2021 ஜூன் 1-ம் தேதி முதல் அவற்றையும் 15 கிகாபைட் வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிட ஆரம்பித்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். வாடகை வீட்டில் சட்டதிட்டம் வீட்டுக்காரருடையது.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தபோது, "உள்ளேயா, வெளியேயா?" என்ற கேள்வியே கோணலாகக் கேட்கப்படுகிறது என்று நமக்குத் தோன்றியது. உள்ளே வைப்பது வேலைக்காக; வெளியே வைப்பது பாதுகாப்புக்காக. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. உள்ளே எத்தனை விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி. போட்டாலும் அங்கிருப்பது ஒரே பிரதிதான்; லாப்டாப் களவு போனால் அதுவும் கூடவே போகும். உள்ளேயிருந்து வெளியே மாற்றினாலும் அப்போதும் ஒரே பிரதிதான். இடம் மாறிற்றே தவிர எண்ணிக்கை கூடவில்லை. ஒரு பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியிலிருந்து வெளியூர்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டால் இரண்டு பிள்ளைகள் ஆகிவிடுமா?

கணினி நிபுணர்கள் இதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு விதமான கிடங்குகளில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். எல்லாச் சரக்குக்கும் இதைச் செய்யப் புகுந்தால் சொத்து கரைந்து போகும். ஆனால் விலை மதிக்க முடியாத சரக்கு 630 மெகாபைட்தானே? அதற்கு மூன்று அல்ல, முப்பது பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எனவே "எது?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எது முதலில்?" என்று கேட்டோம். அதற்கு விடை சுலபமாகக் கிடைத்தது. முதலில் வெளியே, பிறகு உள்ளே. பழைய டிஸ்க் உள்ள பெட்டியைத் திருப்புளி கொண்டு திறக்குமுன், அதிலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வெளியே இருந்தாக வேண்டும்.

2 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, நீல நிற நாக்குள்ள துளையில் செருகினோம். நீல நாக்கு பெரும்பாலும் யு.எஸ்.பி. 3-க்கு அடையாளம். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகியிருந்தால் விநாடிக்கு 35 மெகாபைட் போவதே பெரிது. 900 கிகாபைட் போய்ச் சேர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீலத் துளையில் கணக்குப்படி இரண்டரை மணி. சில்லறைக் கோப்புக்கள் அதிகமிருந்ததால் நள்ளிரவு வரை நடந்தது.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும் என்பது சாஸ்திரம். வெளி டிஸ்க்கிலிருந்து ஏதோ ஒரு பதிவைத் தட்டினோம். "கடுகு வெடிக்கிறதுக்கு முந்தி அவசரப்படாதே, பெண்ணே!" என்றது அம்மாவின் குரல். குப்பையை அழித்துத் தள்ளச் சொன்ன நம் இல்லத்தரசியார் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். பதிவு முடிகிற வரையில் யாரும் பேசவில்லை. "அதை அழித்து விடாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறு வாரம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிறு கடையில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். எம்.2 துளை ஒன்று, வாங்கின நாள் தொட்டுக் காலியாகவே கிடந்தது! 500 கிகாபைட் என்.வி.எம்.இ. பட்டை ஒன்றை அதில் செருகி, விண்டோஸ் 11-ஐப் புதிதாக அதில் ஏற்றினார்கள். பழைய தட்டை அப்புறப்படுத்தவும் இல்லை; அது உள்ளேயே குதிராக இருக்கிறது. இப்படிப் பெட்டியைத் திறக்க எண்ணும் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிட்லாக்கர் என்ற பூட்டு உங்கள் டிஸ்க்கில் போடப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். சாவி தொலைந்தால் சரக்கு அங்கேயே இருக்கும்; நம் கைக்கு மட்டும் வராது.

இப்போது லாப்டாப், காப்பிக்குப் பால் பொங்குமுன் எழுந்துவிடுகிறது. பந்தியில் இலை போட்ட படம் வெளி டிஸ்க்கில் சௌக்கியமாக இருக்கிறது. புதல்வனும் வேகத்தைக் கண்டு சமாதானமடைந்து விட்டான்.

அம்மாவின் 11 மணி நேரம் பழைய தட்டில் ஒன்று, புதிய பட்டையில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, மைத்துனருடைய மேகத்தில் ஒன்று என்று நாலு இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது பிரதியைப் பென் டிரைவில் போட்டுக் கும்பகோணத்துக்கு எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் கணினியில் ஏற்றிவிட்டு வந்தோம். அதைப் பற்றி அவளுக்கு இப்போது கவலையில்லை. தாலாட்டில் இரண்டாவது அடியை அம்மா எப்போதும் தவறாகத்தான் பாடுவார் என்பது அவளுடைய நெடுநாளைய கட்சி. அதற்கு வேண்டிய சாட்சியம் அகப்பட்டுவிட்டதாகச் சென்ற வாரம் டெலிபோனில் தெரிவித்தாள்.